மந்திரிக்காத கிட்டார்

1. வாங்க வருகிற கூட்டம்

கிட்டார் வாங்க எவரும் தனியாக வருவதில்லை. கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் இதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கப் போகிறவர் ஒருவர், அவருக்குப் புத்தி சொல்ல நாலு பேர். அந்த நாலு பேரில் ஒருவருக்கும் கிட்டாரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. ஆனால் அவர்கள்தான் பேசுவார்கள். வாயை மூடிக்கொண்டு ஓரமாக ஒருவர் நிற்பார் பாருங்கள், அவர்தான் வாசிக்கப் போகிறவர். இத்தனை வருஷம் கவுண்டருக்குப் பின்னால் நின்று நான் கற்ற முதல் பாடம் இது.

“ஆன்ட்டி, முதன்முதலா கிட்டார் வாங்க வர்றவங்களுக்கு எதைக் காட்டுறது?” என்று கேட்கிறீர்கள். எதைக் காட்டுவது என்பது அப்புறம். முதலில் ஞானப்பிரகாசம் அண்ணன் கதையைக் கேளுங்கள். அந்த மனுஷன் என் உயிரை வாங்கின மாதிரி வேறு எந்த வாடிக்கையாளரும் வாங்கியதில்லை.

அப்போது யுத்தம் வரவில்லை. மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் ஒரு வாத்தியக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கான்வென்டில் பியானோ படித்தவள் என்ற ஒரே தகுதி. முதலாளி காசிம், நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். ச ரி க ம தெரியாது, ஆனால் வியாபாரம் தெரியும். ஹார்மோனியம், வயலின், கிராமபோன், அதற்கு ஊசி, ரெக்கார்டு, சுவர் நிறைய கிட்டார். ஒரு தமிழ்ப் பெண் கவுண்டரில் நிற்கிறாளாமே என்று வேடிக்கை பார்க்கவே ஆட்கள் வந்து போவார்கள். ஊசி டப்பி ஒன்றுகூட வாங்க மாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் கடைக்கு வந்து சேர்ந்தது. இன்றைக்கு நீங்கள் தோளில் மாட்டிக்கொண்டு குதிக்கிறீர்களே, அது இல்லை. ஹவாயன் கிட்டார். மடியில் படுக்க வைத்து வாசிக்க வேண்டும். இடது கையால் தந்தியை அழுத்துகிற வேலையே கிடையாது. ஒரு ஸ்டீல் பாரைத் தந்தி மேல் வைத்து வழுக்கிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். உடம்பு முழுக்க அலுமினிய வார்ப்பு. சின்ன வட்டம், அதிலிருந்து நீளமாக ஒரு கழுத்து. கூடவே வால்வு வைத்த ஆம்ப்ளிஃபையர் பெட்டி ஒன்று. அமெரிக்கா வோல்டேஜும் நம்ம ஊர் வோல்டேஜும் ஒத்துப்போகாததால் நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். முதலாளி அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தது. தினம் தூசி தட்டுகிறவள் நான்.

2. குவாலிக்குக் கைப்பிடி

ஞானப்பிரகாசம் அண்ணன் முதல் தடவை வந்தது ஒரு மழை நாளில். ஊருக்கு வெளியே ஆயர் ஈத்தாம் என்கிற இடத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அவர், அவர் சம்சாரம் மதலேன், அவருடைய ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நின்ற சந்தியாகு பெரியவர், பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர். பக்கத்து வீட்டுக்காரர்கள் எதற்கு வந்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மழைக்கு ஒதுங்கினார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆயர் ஈத்தாமிலிருந்தா வந்து ஒதுங்குவார்கள்?

அண்ணனை எனக்குக் கோயிலில் பழக்கம். வயலின்காரர். படங்கள் பேசாமல் ஓடிய காலத்தில் படக்கொட்டகையில் திரைக்குக் கீழே உட்கார்ந்து வாசித்தவர். படம் பேச ஆரம்பித்ததும் கொட்டகைக்காரர்கள் வாத்தியக்காரர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு கோயில் பாட்டுக் குழு, எப்போதாவது ஒரு கல்யாணம். மதலேன் அக்காவின் தையல் மெஷினில்தான் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அவருக்கு ஒரு வழி பிறந்திருந்தது. கேளிக்கைப் பூங்கா ஒன்றில் டான்ஸ் பேண்டு நடத்திய மணிலாக்காரர் ஒருவர், வயலினுக்கு ஆள் இருக்கிறது, கிட்டாருக்குத்தான் ஆள் வேண்டும், அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை எந்தக் கிட்டாரையாவது கொண்டுவந்து வாசித்துக் காட்டு, தேறினால் மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாராம். தேறாவிட்டால் ஈப்போவிலிருந்து ஒருவனைக் கூப்பிட்டுக்கொள்வாராம். கொட்டகை வேலை போன பிறகு அந்த வீட்டுக்கு வந்த முதல் நிலையான வேலை அது. மதலேன் அக்கா இதையெல்லாம் என்னிடம் சொல்லும்போதே கண் கலங்கிவிட்டாள்.

சரி, நம்மால் ஆனதைச் செய்வோம் என்று நானும் மளமளவென்று இறங்கினேன். வயலின் வாசித்த கைக்கு, சாதாரணமாக அணைத்துப் பிடித்து வாசிக்கிற ஸ்பானிஷ் கிட்டார் ஒரு பொருட்டா? இரண்டு மூன்று தந்தியைச் சேர்த்து அழுத்துகிற கார்டு நாலு பிடிக்கத் தெரிந்தால் டான்ஸ் பேண்டில் தாளத்துக்குத் தட்டிக்கொண்டு போகலாம். சுவரிலிருந்து மூன்றை இறக்கி மேஜையில் வைத்தேன். கழுத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் வளைவு தெரியும், தந்தி கழுத்தைவிட்டு ரொம்ப உயரத்தில் நின்றால் புது ஆளுக்கு விரல் புண்ணாகும், திருகு இளகினால் சுருதி நிற்காது, நம்ம ஊர் ஈரத்துக்குப் பசை விட்டுப்போகும், அதனால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இதெல்லாம் இன்றைக்கும் சரிதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

யார் கேட்டார்கள்? சந்தியாகு பெரியவர் சிப்பிப் பூ பதித்த ஒன்றைத் தூக்கிப் பிடித்து, இதுதான் லட்சணமாக இருக்கிறது என்றார். அது மூன்றில் மட்டமானது. கழுத்து வில்லாக வளைந்திருந்தது. பூவிலிருந்து சத்தம் வராது பெரியவரே என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. துறைமுகத்தில் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணின பழக்கத்தில் எதையும் வெளித்தோற்றத்தைப் பார்த்தே முடிவு கட்டுவார்.

நம்ம ஆள் எங்கே என்று தேடினால், அவர் கண்ணாடி அலமாரி முன்னால் நிற்கிறார். இடது கை கால்சட்டைப் பைக்குள். வலது கையால் எலெக்ட்ரிக்கைக் காட்டி, “இது” என்றார்.

மதலேன் அக்கா எட்டிப் பார்த்தாள். “இதா? பொரிக்கிற குவாலிச் சட்டிக்குக் கைப்பிடி வச்ச மாதிரி இருக்கு. இதுல பாட்டு வருமா, பொரியல் வருமா?”

கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஏன் இது என்று நான் கேட்டதற்கு, பிடித்திருக்கிறது என்றார். இதற்குக் கரண்ட் வேண்டுமே அண்ணே, வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்றேன். இல்லையாம். மண்ணெண்ணெய் விளக்காம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கரண்ட் இல்லாத வீட்டுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குகிற மனுஷரிடம் என்ன சொல்லி மாரடிப்பது?

3. முதல் சத்தம்

வாயால் சொன்னால் ஏறாது, கையில் கொடுத்தால் புரியும் என்று நினைத்து, நல்ல ஸ்பானிஷ் ஒன்றை எடுத்து அவர் மடியில் வைக்கப் போனேன். சந்தியாகு பெரியவர் குறுக்கே பாய்ந்து என் கையைத் தட்டிவிட்டார்.

மந்திரிக்காத வாத்தியத்தைத் தொடக்கூடாதாம்.

எங்கள் ஆட்களிடம் இந்தப் பழக்கம் உண்டு. வேதக்காரர்கள் புது வீடு, புதுத் தையல் மெஷின், மீன்பிடிப் படகு எதுவானாலும் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்து, தீர்த்தம் தெளித்த பிறகுதான் புழங்குவார்கள். நானும் அப்படி வளர்ந்தவள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் சந்தியாகு பெரியவர் அதை இன்னும் ஒரு முழம் நீட்டி வைத்திருந்தார். வாத்தியத்தின் முதல் சத்தமே மந்திரித்த பிறகுதான் வர வேண்டுமாம். அதற்கு முன்னால் யார் தட்டினாலும் அது எச்சிலாம், வாசிக்கிறவன் விளங்க மாட்டானாம். அவர் பிறந்த ஊர்க் கோயிலில் அப்படித்தானாம்.

சுவரில் தொங்குகிற அத்தனை கிட்டாரையும் அன்று காலையில்தான் நான் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்திருந்தேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். முதலாளி கல்லாவிலிருந்து கண்ணைக் காட்டினார். மூடிக்கொண்டேன்.

அப்படியானால் மந்திரித்துவிட்டு வந்து வாசித்துப் பாருங்கள் என்றேன். அதுவும் முடியாதாம். நமக்குச் சொந்தமானதைத்தான் மந்திரிக்கலாம், கடைக்காரன் சாமானை மந்திரிக்கக்கூடாதாம். சரி, வாங்கிக்கொண்டு போய் மந்திரியுங்கள், பிடிக்காவிட்டால் கொண்டுவந்து கொடுங்கள் என்று பார்த்தால், கடையை விட்டு வெளியே போன வாத்தியத்தை முதலாளி திருப்பி எடுப்பதில்லை. ஆக, வாங்கினால்தான் மந்திரிக்கலாம், மந்திரித்தால்தான் தொடலாம், தொடாமல் வாங்க முடியாது. பெண் முகத்தையே பார்க்காமல் தாலி கட்டச் சொல்கிற கதை. இதைப் பெரியவரிடம் சொன்னதற்கு, நான் கட்டினதே அப்படித்தான் என்றார்.

இத்தனைக்கும் நடுவில் ஞானப்பிரகாசம் அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். “ஞானத்தகப்பனார் சொல்றதும் சரிதானே. தொட வேணாம். அந்த எலெக்ட்ரிக்கையே கட்டிக் குடுத்துடுங்க” என்றார். படித்த மனுஷர், கொட்டகையில் வெள்ளைக்காரப் பாட்டெல்லாம் நோட்டைப் பார்த்து வாசித்தவர், இவருமா இப்படி என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மதலேன் அக்கா அதெல்லாம் முடியாது என்று அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

மறுபடி வந்தார்கள். மறுபடியும் அதே கதை. ஒரு தடவை மதலேன் அக்கா கூட்டத்தை விட்டு என்னை ஒதுக்கிக் கூட்டிப்போய்ப் பொரிந்து தள்ளினாள். “கோயிலை விட்டா இவர் வயலினைத் தொட்டே எத்தனை நாளாச்சு தெரியுமா தங்கச்சி? கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தா தலைவலிங்கிறார், வயித்துவலிங்கிறார். நான் மெஷினை மிதிச்சு மிதிச்சுக் காலு வீங்கிக் கெடக்கேன். இப்ப இவரு சோம்பேறித்தனத்துக்குக் கரண்ட்டு வேற குடுக்கணுமா?”

எனக்கும் அவர் பேரில் கோபம் வந்தது. வேலை வாசலில் வந்து நிற்கிறது, சனிக்கிழமை நெருங்கிக்கொண்டிருக்கிறது, இந்த மனுஷர் பளபளப்பைப் பார்த்து மயங்கிக்கொண்டு நிற்கிறாரே என்று.

முதலாளிக்கோ என் பேரில் கோபம். “ஏம்மா பிலோமி, மாசக்கணக்கா கெடக்குற சாமானை ஒருத்தன் வாய்விட்டுக் கேட்கிறான். குடுக்காம ஸ்பானிஷ் ஸ்பானிஷ்னு மல்லுக்கட்டுறியே, உனக்கு எதுக்குமா ஊர் வம்பு?” என்றார். வியாபாரி அவர், அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. ஆனால் தையல் மெஷினில் ஓடுகிற குடும்பத்தின் தலையில் கடையிலேயே விலை கூடிய சாமானைக் கட்டி அனுப்ப என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அது வெயிலிலும் விளக்குச் சூட்டிலும் சுருதி விலகுகிற சாமான் என்பதும் எனக்குத் தெரியும். அலுமினியம், சூடு பட்டால் நீளும். புது ஆள் சனிக்கிழமை விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து வாசிக்கும்போது சுருதி விலகினால் திருதிருவென்று முழிப்பார், ஈப்போக்காரன் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வான்.

4. தீர்த்தம்

கடைசிச் சனிக்கிழமைக்கு அந்த ஒரு வாரம்தான் பாக்கி. எனக்குப் பொறுமை போய்விட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நேராகப் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன்.

அவர் பிரெஞ்சுக்காரர். பாண்டிச்சேரியில் பல காலம் இருந்து தமிழ் படித்தவர். புத்தகத்தில் அச்சடித்த மாதிரிதான் பேசுவார். சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்கிற நேரம் அவருக்கு. நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

“ஓசை எழுந்த வாத்தியத்தை மந்திரிக்கலாகாதென்று உனக்கு உரைத்தவர் யார் மகளே?”

“சந்தியாகு பெரியவர், சாமி.”

“எனக்குத் தெரியாத சட்டம் அவருக்கு எப்படித் தெரிந்தது?”

“அதை நீங்களே வந்து அவரைக் கேளுங்க சாமி. கையோட தீர்த்தமும் எடுத்துக்கிட்டு வாங்க.”

வந்தார். நான் ஆள் அனுப்பி ஆயர் ஈத்தாம் கோஷ்டியையும் வரவழைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்பட. ரிக்‌ஷாவிலிருந்து சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்ததும் முதலாளி கல்லாவை விட்டு எழுந்தே விட்டார். தன் கடையில் என்ன நடக்கப் போகிறது என்று அவருக்கு நான் அரைகுறையாகத்தான் சொல்லியிருந்தேன்.

சாமியார் பொறுமையாகவே விளக்கினார். திருச்சபையில் அப்படி ஒரு விதி கிடையாது, சத்தம் முதலில் வந்தாலும் பின்னால் வந்தாலும் ஆண்டவருக்கு ஒன்றுதான், அடுத்தவர் பொருளையும் மந்திரிக்கலாம் என்றார். சந்தியாகு பெரியவர் கைகட்டிக் கேட்டுவிட்டு, சாமிக்கு எங்க ஊர்ப் பழக்கம் தெரியாது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அது சாமியார் காதிலும் விழுந்தது. பெருமூச்சு விட்டுவிட்டு, செபப் புத்தகத்தை விரித்தார்.

தீர்த்தம் தெளிக்க ஆரம்பித்ததும் முதலாளி பதறிவிட்டார். கிராமபோனுக்குப் போர்த்துகிற வெல்வெட் துணியை உருவி ஆம்ப்ளிஃபையர் பெட்டியின் மேல் போட்டு, அதற்குக் குடை பிடிப்பவர் மாதிரி கையையும் விரித்துக்கொண்டு நின்றார். “சாமி, கொஞ்சம் பாத்து. உள்ளுக்குள்ள வால்வு இருக்கு. தண்ணி பட்டா எல்லாம் போச்சு” என்றார். சாமியாருக்குக் கை தாராளம். எலெக்ட்ரிக் மேல், மேஜையில் இருந்த ஸ்பானிஷ்கள் மேல், சுவரில் தொங்கினவை மேல், ஹார்மோனியங்கள் மேல், ஒரு வீச்சு முதலாளி தொப்பி மேலும் விழுந்தது. அவர் அதைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொண்டார். பெரிய மனசு அவருக்கு.

சாமியார் போனதும் நான் சந்தியாகு பெரியவரைப் பார்த்து, இப்போது இந்தக் கடையில் மந்திரிக்காத வாத்தியம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

5. கை

நல்ல ஸ்பானிஷை எடுத்தேன். தந்தி தாழ்வாக, கழுத்து நேராக, புது ஆளுக்கென்றே செய்த மாதிரி இருந்தது. “உக்காருங்க அண்ணே. இப்ப உங்களுக்குச் சாக்கு ஒண்ணும் பாக்கி இல்ல” என்று அவர் மடியில் வைத்தேன்.

அவர் அதை வலது கையால் மட்டும் அணைத்துப் பிடித்தார். இடது கை பைக்குள்ளேயே இருந்தது.

“எடுங்களேன், என்ன புதுப்பொண்ணு மாதிரி வெக்கம்?” என்றாள் மதலேன் அக்கா.

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மெல்லக் கையை வெளியே எடுத்துக் கழுத்தில் வைத்தார். சி கார்டுதான் முதலில் சொல்லிக்கொடுப்பது. ஆள்காட்டி விரலை வைத்தேன், நடுவிரலை வைத்தேன். மோதிர விரலைப் பிடித்து ஐந்தாம் தந்தியில் மடக்கப் பார்த்தேன். மடங்கவில்லை. குச்சி மாதிரி நின்றது. கணுவில் வீங்கி, தொட்டால் கல்லாக இருந்தது. சுண்டு விரலும் அப்படியே. நான் கொஞ்சம் அழுத்தியிருப்பேன் போல, அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

கையை விட்டுவிட்டேன். மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லாமல் வயலின் ஏது?

“ரெண்டு வருசமாச்சு,” என்றார். “மொதல்ல சுண்டு விரல். அப்புறம் இது. வாதமாம். திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“அப்ப கோயில்ல?” என்று கேட்டார் சந்தியாகு பெரியவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாட்டுக் குழுவில் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவர் அவர்.

“வில்லை மட்டும் ஆட்டிக்கிட்டு இருந்தேன். தந்தியில படாம.”

பெரியவர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அந்தக் கடையில் நடந்த ஒரே அற்புதம் அதுதான்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் அடங்கவில்லை. அத்தனை நாளாக நான் கழுத்தைப் பார், தந்தியைப் பார் என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். இவர் அந்தக் கிழவரின் மந்திரிக்காத சட்டத்துக்குப் பின்னால் கையை ஒளித்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். “ஏன் அண்ணே, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? அழுத்த முடியாது, அதனால ஹவாயன் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே எடுத்துக் குடுத்திருப்பேனே” என்று கேட்டேவிட்டேன்.

“யார்கிட்ட சொல்றதும்மா? இவங்க எல்லாரும்தானே கூட வந்தாங்க. இங்க சொன்னா ஆயர் ஈத்தாம் பூரா சொன்ன மாதிரி. விரல் போன வாத்தியக்காரனை மணிலாக்காரர் வாசப்படி ஏற விடுவாரா? நான் வாசிச்சுக் காட்டினதுக்கு அப்புறம் தெரிஞ்சா பரவாயில்ல. முன்னாடியே தெரிஞ்சா கேட்கக்கூட மாட்டாங்க.” மதலேன் அக்காவைப் பார்க்காமலேயே சொன்னார். “இவளுக்குத் தெரிஞ்சா இன்னும் ரெண்டு வீட்டுத் துணியை எடுத்துத் தைக்க ஆரம்பிப்பா. இப்பவே தைக்கிறது போதும்.”

பக்கத்து வீட்டுக்காரர்கள் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

நான் அலமாரியைத் திறந்து எலெக்ட்ரிக்கை எடுத்து அவர் மடியில் படுக்க வைத்தேன். முதலாளி டிரான்ஸ்ஃபார்மரை மாட்டினார். வால்வு சூடாகும் வரை எல்லோரும் சும்மா நின்றோம். ஸ்டீல் பாரைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் பிடித்து, ஆள்காட்டி விரலை மேலே வைத்துக்கொண்டார். மடங்காத அந்த இரண்டு விரலும் பாருக்குப் பின்னால் தந்தி மேல் நீட்டிப் படுத்துக்கொண்டன. ஹவாயன் வாசிக்கிறவர்கள் அந்த இரண்டு விரலையும் அப்படித்தான் வைக்க வேண்டும், இரைச்சலை அமுக்க. மற்றவர்களுக்கு அதைப் பழக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். இவருக்கு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

மாதா பாட்டு ஒன்றை வாசித்தார். அற்புதம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வலது கை தடுமாறியது, வேண்டாத தந்தி அலறியது, பெட்டி ஒரு தடவை கரகரத்தது. ஆனால் பார் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. ஹவாயனில் கழுத்தில் கோடு இருந்தாலும் காதுதான் இடம் சொல்ல வேண்டும். வயலின்காரருக்குக் காது இருந்தது. அது வாதத்தில் போகவில்லை.

வாசித்து முடித்தபோது மதலேன் அக்கா அவர் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். கிட்டாரைப் பார்க்கவில்லை. அவர் இடது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “ஞாயித்துக்கிழமை காலர் பட்டனுக்கு அவ்வளவு நேரமாக்குவீங்களே. இதனாலதானா?” என்று கேட்டாள்.

அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், அவள் விடவில்லை.

“எத்தனை வாரம் கத்தியிருப்பேன். வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?” என்றாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, “இதையே கட்டிக் குடு தங்கச்சி” என்றாள்.

6. சனிக்கிழமைக்குப் பிறகு

வீட்டில் கரண்ட் இல்லாததால் அந்த வாரம் முழுக்கக் கடையிலேயே வந்து பழகச் சொன்னார் முதலாளி. விலையையும் மாதத் தவணையில் கட்டினால் போதும் என்றுவிட்டார். தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்துவிடுவார். பழகப் பழக எங்கள் தலை வெடித்தது. கடைக்கு முன்னால் பழம் விற்ற மலாய்க்காரர் தன் கூடையை நாலு கடை தள்ளி நகர்த்திக்கொண்டார். விளக்குச் சூட்டில் சுருதி விலகும், ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் திருகைப் பாருங்கள் என்று நான் தினமும் படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினார். அந்த ஆள் தலை ஆட்டினால் எனக்குப் பயம்.

சனிக்கிழமை போனது. திங்கட்கிழமை மதலேன் அக்கா தனியாக வந்தாள். முதல் தடவையாகத் தனியாக. அவர் தேறிவிட்டார் என்றாள். நடுவில் சுருதி விலகியதாம், நிறுத்திவிட்டுத் திருகினாராம், மணிலாக்காரர் முகம் சுளித்தாராம், ஆனால் கடைசிப் பாட்டு முடிந்ததும் தோளில் தட்டினாராம். விரலைப் பார்த்தாரா என்று கேட்டேன். பார்த்தாராம். ஒன்றும் கேட்கவில்லையாம்.

“எப்படி வாசிச்சார் அக்கா?” என்றேன்.

“எனக்கு எங்க தெரியும்? எல்லாரும் பாட்டைக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் அந்தக் கையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு வருசம் பாக்காததையெல்லாம் சேத்துப் பாத்தேன்” என்றாள். சொல்லிவிட்டு முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

கோயில் முற்றத்தில் சந்தியாகு பெரியவர் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், தான் மந்திரிக்க வைத்ததால்தான் பையனுக்கு வேலை கிடைத்தது என்று. நான் எதிரில் போனாலும் நிறுத்த மாட்டார். அந்தப் பாவி மனுஷனோடு யார் மல்லுக்கு நிற்பது?

ஆக, பிள்ளைகளே, முதல் கிட்டாருக்கு எதைக் காட்டுவது என்று கேட்டீர்கள். கழுத்து நேராக இருக்கட்டும், தந்தி தாழ்வாக இருக்கட்டும், திருகு இளகாமல் இருக்கட்டும். இதெல்லாம் சாமானைப் பற்றியது, ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வீர்கள். கூட வந்தவர்களை நாற்காலி போட்டு உட்கார வைத்து, ரெக்கார்டு ஒன்றைப் போட்டுவிடுங்கள். வாசிக்கப் போகிறவரைத் தனியாக உள்ளே கூப்பிடுங்கள். என்ன வேண்டும் என்று கேட்காதீர்கள், வாய் பொய் சொல்லும். கையை நீட்டச் சொல்லி, இரண்டு கையையும் உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள். வீட்டில் இருக்கிறவர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.